ஈசான மூலைத் தொட்டி

லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு வீட்டு ஹீட்டிங் குழாய்க்குள் இருந்து பிள்ளையாரை ஆகாயத்தில் பறக்கவிட்டவன் நான். சும்மா பறக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் பிள்ளையாருக்கு முன்னால் நின்று தன் தலையில் தானே குட்டிக்கொண்ட ஒரு மனிதரைத் தேடிப் பறந்துபோய், "இவ்வளவு காலமும் நீ குட்டினாய், இனி என் முறை" என்று நெற்றியின் நடுவில் ஒரு குட்டு வைத்தார்.

சிரியுங்கள். ஆர்ச்வே முருகன் கோயிலில் சப்பாத்துக் கழற்றும் இடத்தில் நின்று இதைச் சொன்னபோது, உள்ளே முருகனே சிரித்திருப்பார். அவருடைய அண்ணனின் கதை அல்லவா!

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த நாளில் லண்டன் தமிழர் வீடுகளுக்குப் பேதி கொடுப்பதுதான் என் தொழில். மனிதருக்கு அல்ல, வீட்டுக்கு. இந்த ஊர் வீடுகளில் ஒரு பொயிலர் தண்ணீரைச் சுடவைக்கும்; பம்ப் அதை அறை அறையாக ரேடியேட்டர்களுக்குள் தள்ளும்; அதே தண்ணீர் திரும்பவும் பொயிலருக்கு வரும். வருடக்கணக்கில் இப்படிச் சுற்றும்போது காற்றும் புகுந்துவிட்டால் உள்ளே இருக்கும் இரும்பு கறள் பிடித்துக் கரிய சேறாகி ரேடியேட்டரின் அடியில் படுத்துவிடும். லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பு பொயிலருக்குள் ஓடாகப் பிடிக்கும். பிறகென்ன, ரேடியேட்டரின் தலை சுடும், கால் குளிரும். அமில மருந்தை ஊற்றி, சேற்றையும் சுண்ணாம்பு ஓட்டையும் கரைத்து வெளியே விடுவேன். யோகராஜாவின் மருந்து போன வீட்டில் பனிக்காலத்திலும் வாழை குலை தள்ளும் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்த யோகராஜா நான்தான்; பேச்சைத் தொடங்கியவனும் நான்தான்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு பெப்ரவரியில் லண்டனில் பனி கொட்டியது. எவ்வளவு என்றால், என் வான் வண்டியைத் தேடிக் கண்டுபிடித்து மண்வெட்டியால் தோண்டியபோது, உள்ளே இருந்து பக்கத்து வீட்டுக்காரரின் கார் வந்தது. அந்த நேரம்தான் கிங்ஸ்பரியிலிருந்து பாலாம்பிகையின் டெலிபோன்.

"யோகண்ணை, மகள் சந்திரவதனாவுக்குப் பெண்குழந்தை பிறந்திருக்கு. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியாலை விடுகினம்."

"சந்தோசம் தங்கச்சி! கற்கண்டு எங்கை?"

"கற்கண்டு கிடக்கட்டும். வீடு ஐஸ் பெட்டி மாதிரிக் கிடக்கு. சம்பந்தி வந்து எல்லா ரேடியேட்டரையும் தடவிப் பாத்திட்டு, தாயையும் பிள்ளையையும் வெஸ்ட் ஈலிங்குக்குக் கொண்டுபோப்போறன் எண்டு நிக்கிறார். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடுதானே அண்ணை? என்ரை பேத்தியைப் பாக்க நான் பஸ்ஸிலை போறதோ?"

அவளுடைய கணவன் தில்லையம்பலம் கப்பல்காரன். அப்போது எந்தச் சமுத்திரத்தில் நின்றானோ. மகள் முதற்பிள்ளையோடு தன் வீட்டுக்கு வரவேண்டும் என்பதற்காகவே அறைக்கு ரோஜா நிறம் பூசி, தொட்டில் வாங்கி, பிள்ளைபெற்றவளுக்குக் கொடுக்கும் சரக்கு அரைத்து வைத்திருந்தவள். குரல் நடுங்கியது. குளிரில் நடுங்கியது பாதி.

வியாழன் காலை போனேன். அந்த வீட்டில் பாலைச் சூடாக வைத்திருக்க ஃபிரிட்ஜுக்குள் வைத்திருந்தார்கள். பாலாம்பிகை சேலைக்கு மேல் மூன்று ஸ்வெட்டர் போட்டிருந்தாள். பொயிலர் போட்ட சத்தம் வெம்பிளி மைதானம் வரைக்கும் கேட்டிருக்கும். உள்ளே சுண்ணாம்பு ஓடு பிடித்தால் பொயிலர் அப்படித்தான் தண்ணீர் கொதிக்கிற கேத்தில் மாதிரி இரையும்.

முன்னறையில் சம்பந்தி ஸ்ரீஸ்கந்தராஜா. கோட்டு, கையுறை, குரங்குத் தொப்பி சகிதம். வெஸ்ட் ஈலிங்கில் பெற்றோல் ஸ்டேசன் நடத்துகிறவர். எதையும் கண்ணால் கண்டால்தான் நம்புவார்; கண்டாலும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருமுறை பார்ப்பார்.

"என்ன காணும், வீட்டுக்குப் பேதியோ?"

"ஓம். நாளைக்குப் பிள்ளை வரேக்கை வீடு சித்திரை மாசம் மாதிரி இருக்கும்."

"உம்மடை கதையிலை இருக்கிற சூட்டைக் குழாய்க்குள்ளை விட்டாலே போதும். நான் பின்னேரம் வரைக்கும் இருந்து பாத்திட்டுத்தான் போவன். சூடு வராட்டி நாளைக்கு என்ரை கார்தான் ஆஸ்பத்திரி வாசலிலை நிக்கும்."

ஏணி வைத்துக் கூரைக்குக் கீழே இருக்கும் லொஃப்டுக்கு ஏறினேன். அங்கே இரண்டு தொட்டிகள். பெரியது வீட்டுத் தண்ணீருக்கு. மூலையில் இருக்கும் சின்னது ஹீட்டிங்குக்கு மட்டும். குழாய்களில் தண்ணீர் குறையக் குறைய இதிலிருந்து இறங்கி நிரப்பும். மருந்தையும் இதற்குள்தான் ஊற்றவேண்டும். மூடியைத் திறந்தேன். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. மணந்து பார்த்தேன். மஞ்சளேதான்! மேலே கறுத்துச் சுருண்டு மிதந்தது மாவிலை. கிங்ஸ்பரிக் கூரைக்குக் கீழே மாமரம் நிற்பதாக அதுவரை நான்கூடச் சொன்னதில்லை.

கீழே இறங்கி, ரேடியேட்டர் தண்ணீரை வெளியே விடும் சின்னக் குழாயைத் திறந்து ஒரு வாளி பிடித்தேன். கறுப்புத் தண்ணீர். திரும்ப ஏறிப் பார்த்தால், தொட்டியில் ஒரு நகக்கண் அளவும் இறங்கவில்லை. தொட்டியிலிருந்து கீழே போகும் குழாய் அடைபட்டிருக்கிறது!

ஏணித் துவாரத்தால் தலையை நீட்டினேன். "தங்கச்சி, உந்தத் தொட்டிக்குள்ளை மாவிலை எப்பிடி வந்தது?"

பாலாம்பிகை ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டாள்.

"அது... குடிபுகுந்த அண்டைக்குக் கும்பத்துத் தண்ணியை ஊத்தினனான்."

"ஏன்?"

"வீட்டுக் கிணத்துக்கு ஊத்துறேல்லையோ அண்ணை? இங்கை கிணறு எங்கை? மேலை ஏறிப் பாத்தன். பெரிய தொட்டி தென்மேற்கிலை கிடக்கு. சின்னன்தான் ஈசான மூலையிலை. ஈசான மூலையிலை இருக்கிறதுதானே கிணறு? இதுதான் குடிக்கிற தண்ணி எண்டு நினைச்சிட்டன்."

"வேறை ஏதும் போட்டனியோ?"

"கிணத்துக்கு நெல்லிக்கட்டை போடுவினம், தண்ணி இனிக்க. இங்கை நெல்லிக்கு எங்கை போறது? அதுதான் ஒரு குட்டி வெள்ளிப் பிள்ளையார். புளியங்கொட்டை அளவுதான். காவலுக்கு."

ஸ்ரீஸ்கந்தராஜா சிரித்த சிரிப்பில் குரங்குத் தொப்பி கழன்று விழுந்தது.

"பிள்ளையாரோ! நல்லாத் தேடிப் பாரும் காணும், பொயிலருக்குள்ளை முருகனும் மயிலும் இருப்பினம்!"

"சிரியாதையுங்கோ" என்றேன். "காவலுக்கு வைச்சவர் காவலைத்தான் செய்திருக்கிறார். ஒரு துளி தண்ணியைக் கீழை போகவிடேல்லை. குழாயிலை தண்ணி குறைஞ்சு, காத்துப் புகுந்து, இரும்பெல்லாம் கறளாப்போச்சு."

"பிள்ளையார் குழாய்க்குள்ளை நிக்கிறாராம்! வெறும் துரு அடைச்சிருக்கு. உமக்கு அதையும் தேரிலை வைச்சு இழுக்கவேணும்."

வழி ஒன்றுதான் இருந்தது. தொட்டியைத் தகரப் பேணியால் அள்ளி வெறுமையாக்கினேன். புதுத் தண்ணீர் வராமல் மிதவையைக் கட்டினேன். சமையலறைக் குழாயிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸை இழுத்து, கீழே நான் திறந்த சின்னக் குழாயில் பூட்டினேன். மேலிருந்து கீழே போகாததைக் கீழிருந்து மேலே தள்ளுவது. அடைப்பு விட்டதும் தண்ணீர் தொட்டிக்குள் பாயும். அப்போது "நிப்பாட்டு" என்று கத்த மேலே ஒருவர் வேண்டும். மூன்று ஸ்வெட்டரோடு பாலாம்பிகை அந்தத் துவாரத்துக்குள் போகமாட்டாள்.

"நானே போறன்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "என்ரை கண்ணாலை பாத்தால்தான் உம்மடை புளுகு வெளியிலை வரும்."

ஏறினார். டோர்ச் வெளிச்சத்தோடு தொட்டிக்குள் குனிந்திருப்பார் என்று நினைக்கிறேன்; கண்ணாடியையும் துடைத்திருப்பார். நான் குழாயைத் திறந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சுவருக்குள் ஒரு விக்கல். விக்கல் உறுமலாகியது. உறுமல் மேலே ஏறியது. வீடு ஒருமுறை தும்மியது.

"டொங்!"

"ஐயோ பிள்ளையாரே!"

அதைத் தொடர்ந்து மழை. நான் குழாயைப் பூட்டிவிட்டு ஓடிவந்தேன். ஸ்ரீஸ்கந்தராஜா ஏணியால் இறங்கினார். முகம் முழுக்கக் கறுப்பு, அதில் மஞ்சள் கோடுகள், மீசையில் ஒரு மாவிலைத் துண்டு. நெற்றியின் நடுவில், நெல்லிக்கட்டை கிடைக்காத லண்டனில், ஒரு நெல்லிக்காய் முளைத்திருந்தது.

"பிள்ளையாரைக் கண்டியளோ?"

"ஒரு பிள்ளையாரும் இல்லை. கூரைமரம் இடிச்சுப்போட்டுது."

"பிள்ளையாரே எண்டு கத்தினியளே!"

"இடிச்சால் வேறை ஆரைக் கூப்பிடுறது? உம்மையோ?"

நான் ஏறித் தேடினேன். தொட்டியில் இல்லை. குளிர் புகாமல் கூரை நெடுகப் பரப்பியிருந்த மஞ்சள் கண்ணாடிப் பஞ்சுக்குள் கைவிட்டுத் துழாவினேன். முழங்கை வரை அரித்துக் கடித்ததுதான் மிச்சம். ஆனால் கூரைமரம் அந்தத் தொட்டிக்கு மேலே என் இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது. சரி, ஒன்றரை ஆள் உயரம்.

மருந்தை ஊற்றினேன். தொட்டி அதைக் களுக்கென்று குடித்தது. பொயிலரை மூட்டிச் சுற்றவிட்டேன். மத்தியானம் வடியவிட்டபோது வந்த கறுப்பு இருக்கிறதே, யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள அத்தனை குழந்தைக்கும் அதை எடுத்துக் கண்ணுக்கு மை தீட்டலாம். கிங்ஸ்பரிக் காகங்கள் வேலியில் வந்திருந்து, சொந்தக்காரர் யாரும் வருகிறார்களா என்று பார்த்தன. அமிலத்தின் வேகத்தை அடக்கும் மருந்தை விட்டேன், கழுவினேன், திரும்பக் கழுவினேன். தண்ணீர் இளநீர் மாதிரி வந்த பிறகு, இனிக் கறள் பிடிக்காமல் காக்கும் மருந்தை ஊற்றி நிரப்பினேன். பொயிலரின் இரைச்சல் அடங்கி, பால் குடித்த பிள்ளை மாதிரி முனகியது.

பின்னேரம் ஸ்ரீஸ்கந்தராஜா நெற்றியில் ஐஸ் பொட்டலத்தோடு அறை அறையாகப் போனார். ஒவ்வொரு ரேடியேட்டரின் அடியையும் புறங்கையால் தொட்டார். கடைசி ரேடியேட்டரில் கையைப் பட்டென்று இழுத்தார்.

"கீழையும் சுடுது" என்றார், செத்தவீடு சொல்ல வந்தவர் மாதிரி.

பாலாம்பிகை மூன்றாவது ஸ்வெட்டரைக் கழற்றினாள். பிறகு இரண்டாவதை.

வெள்ளிக்கிழமை பிள்ளை கிங்ஸ்பரிக்குத்தான் வந்தது. ஆனால் சம்பந்தி விடுகிற ஆளா? "உந்தச் சூடு எத்தினை நாளைக்கு? பிள்ளைபெத்த துடக்குக் கழிவு முடியட்டும், அடுத்த நாளே பிள்ளை வெஸ்ட் ஈலிங்" என்று சொல்லி வைத்தார். பாலாம்பிகை நாள்தோறும் விடிய எழும்பி ரேடியேட்டர்களின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

நான் என் பங்குக்குக் கதையை ஊரெல்லாம் கொண்டுபோனேன். ஆர்ச்வேயில் சொன்னபோது பிள்ளையார் தொட்டியிலிருந்து ஒரு முழம் பறந்தார். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூரையைத் தொட்டுத் திரும்பினார். கேட்டவர்கள் சிரித்தார்கள், பாதியையாவது நம்பினார்கள். முழுதாக மறுத்தவர் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவர்தான் கண்ணால் கண்டவர்.

"யோகராஜாவின்ரை வாயைத்தான் முதலிலை மருந்து விட்டுக் கழுவவேணும்" என்று அதே அம்மன் கோயிலில் நின்று சொன்னாராம்.

பாலாம்பிகைகூட ஒருநாள் என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "அண்ணை, பிள்ளையார் உண்மையாய் வந்தவரோ? வந்தவர் எண்டால் எங்கை போனவர்?" எனக்கே ஒருகணம் சந்தேகம் வந்துவிட்டது. என் கதைகளில் எது நடந்தது என்று கண்டுபிடிப்பது எனக்கும் சிலநேரம் சிரமம்.

துடக்குக் கழிவு அன்று வெளியே பனி. உள்ளே வந்த ஐயர் கோட்டைக் கழற்றினார், சால்வையைக் கழற்றினார், பிறகு மந்திரப் புத்தகத்தால் விசிறிக்கொண்டார். ஸ்ரீஸ்கந்தராஜா வந்ததும் வராததுமாக ரேடியேட்டரின் அடியைத் தொட்டார். கையை எடுத்து ஊதினார்.

தகப்பன்வழிப் பாட்டன் அரைஞாண் கட்டும் நேரம் வந்தது. கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். தங்க அரைஞாண். அதன் நடுவில் ஏதோ வெள்ளையாக மினுங்கியது. புளியங்கொட்டை அளவு.

பேத்தியைப் பிடித்துக்கொண்டிருந்த பாலாம்பிகை குனிந்து பார்த்தாள்.

"சம்பந்தி... இவரின்ரை தும்பிக்கை நுனி உடைஞ்சிருக்கு."

"ம்."

"நான்தான் நகைப்பெட்டி மூடேக்கை உடைச்சனான். இவர் என்ரை பிள்ளையார். எங்கை எடுத்தனீங்கள்?"

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். பொயிலர்கூட மூச்சை அடக்கிக்கொண்டது என்று நான் சத்தியம் செய்வேன். ஸ்ரீஸ்கந்தராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், பிள்ளையாரைப் பார்த்தார், என்னைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்.

"பிள்ளைக்கு முன்னாலை எப்பிடிப் பொய் சொல்லுறது" என்றார் மெதுவாக. "என்ரை கோட்டுப் பைக்குள்ளை விழுந்து கிடந்தவர். காருக்குள்ளை இருக்கேக்கைதான் கண்டனான். அவர் ஆரின்ரை பக்கம் எண்டு அப்பவே விளங்கிட்டுது. அதுதான் வாய் திறக்கேல்லை."

"அப்ப பேத்தி...?" பாலாம்பிகை பிள்ளையை இன்னும் அணைத்துப் பிடித்தாள்.

"இங்கையே இருக்கட்டும். பனி முடியும் மட்டும். நான் பஸ்ஸிலை வந்து பாக்கிறன்."

அரைஞாணைக் கட்டினார். பிள்ளையாருக்கு முன்னால் பழக்கத்தில் தலையில் குட்டக் கையைத் தூக்கியவர், நெற்றியைத் தடவிக்கொண்டு கையைக் கீழே விட்டார்.

நான் விடுவேனா? "எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ. கூரைமரமோ, பிள்ளையாரோ?"

"கூரைமரம் இல்லைக் காணும்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "பிள்ளையார்தான். குழாயாலை வந்தவர், பறந்தவர், குட்டினவர்."