அம்சவேணிக்கு ஓர் அடிக்குறிப்பு

1

இந்தக் கதை எனக்குப் பந்தலூர் பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து சீட்டில் ஒரு பெண் டைப் அடித்த தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. மற்றதெல்லாம் என் கற்பனை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

(மூடுபனி மலையை... வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவன் எல்லாம் பனியில்தான் ஆரம்பிக்கிறான்.)

2

அவளுக்கு ரஞ்சனி என்று பெயர் வைக்கிறேன். தேயிலை விலை விழுந்த நான்காம் வருஷம், ஊட்டிக் கல்லூரியில் அந்த வீழ்ச்சியைப் பற்றியே எம்.பில். ஆய்வு. எஸ்டேட் தொழிலாளர்களின் லயங்களில் வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுத்தாள். பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் வாங்கினாள். சொந்த வீட்டில் மட்டும் எடுக்கவில்லை. பெற்றவளிடம் யார் பேட்டி எடுப்பார்கள்? அம்மா அம்சவேணி அடுப்படியில் சொல்லிச் சொல்லித் தனக்கு மனப்பாடமானதை அப்படியே எழுதினாள்:

"பேக்டரிய பூட்டிட்டாங்க. பறிச்ச கொழுந்த ஓடையில கொட்டிட்டு வந்தேன். புள்ளைய தண்ணியில விட்ட மாதிரி இருந்துச்சு."

ஆடி மழையில் காய்ச்சல் கண்டு அம்மா போய்ச் சேர்ந்தாள்.

3

ஆய்வு வழிகாட்டி தேவநேசன் நல்ல மனிதர். (வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை.) நூலகத்திலிருந்து இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆய்வேடு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அதே மூன்று வரி. கீழே 'ஒரு பெண் தொழிலாளி' என்று மட்டும்.

"காப்பியடிச்சியாம்மா?"

"எங்கம்மா பேசினதுங்க சார். முன்னாடி யாரோ வந்து கேட்டுட்டுப் போனாங்கன்னு சொல்லியிருக்காங்க."

"நம்புறேன். உன் பேட்டிக்குத் தேதி, கையெழுத்து?"

அவளிடம் ஒன்றும் இல்லை.

"அப்ப அந்த ஆய்வாளர் பேரைத்தான் அடிக்குறிப்புல போடணும். உன் நடையில மாத்தி எழுதினாலும் போட்டே ஆகணும். இல்லைன்னா ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மாற்றியும் பார்த்தாள். 'கொள்முதல் நின்றதால் தொழிலாளர்கள் பசுந்தேயிலையை ஓடையில் கொட்ட நேர்ந்தது.' அதில் அம்மா இல்லை. சாவு வீட்டில் அழாத அழுகையை அன்றைக்கு அழுதாள்.

4

நான் கதைக்காரன். செத்தவளை எழுப்ப எனக்கு ஒரு வரி போதும்.

[ரஞ்சனி பேனாவை எடுத்தாள். "பேரு சொல்லும்மா." "ஏண்டி, ஒனக்குத் தெரியாதா?" "சொல்லும்மா, எழுதணும்." "அம்சவே]

அடித்துவிட்டேன். நடக்காத பேட்டிக்குத் தேதி போடுவதும் திருட்டுத்தான். ரஞ்சனியே அதைச் செய்யவில்லை.

ஆய்வேட்டைக் கொடுக்க நாளைக்குக் கடைசி நாள். டைப் அடிக்கும் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த மூன்று வரியை எடுத்துவிடலாம். அல்லது முன்பின் தெரியாத அந்த ஆய்வாளர் பெயரைப் போட்டு வைத்துக்கொள்ளலாம். எதுவென்று நீங்களே சொல்லுங்கள், எனக்கு மனசு வரவில்லை. அம்சவேணியைக் கேட்டும் பயனில்லை. "எவன் பேரா இருந்தா என்ன, நீ பாஸாயிருவியா?" என்றுதான் கேட்பாள்.