கண்ணெதிரே உருக்கியது

"அந்த ஃபேனை நிறுத்துங்கண்ணே. தராசுல காத்து அடிக்குது."

வெள்ளிக்கடைக்காரர் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். தராசின் சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி நானூற்றுப் பன்னிரண்டு கிராமில் நின்றன. ஜக்கும் டம்ளரும் சேர்ந்து. அவன் குனிந்து தராசுக்கு அடியிலும் பார்த்துக்கொண்டான்.

"அடியில ஒண்ணும் இல்ல தம்பி. இருந்தா என் பாவம் மட்டுந்தான் இருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. மதியத்துக்குள் ஊசிமருந்து வாங்கியாக வேண்டும். வீட்டில் மனைவியின் வலியைத் தணிப்பது அது ஒன்றுதான். கடைசிக் குப்பி ராத்திரியே தீர்ந்துவிட்டது. மாதக் கடைசி. கை நீட்டக்கூடிய இடங்களிலெல்லாம் நீட்டி முடித்தாயிற்று.

விற்கச் சொன்னவள் அவளேதான். முதலில் அலமாரியைக் காட்டி, "அந்த ஜக்கை வித்துடு" என்றாள். அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்த டம்ளரைக் கண்ணால் காட்டினாள். சின்ன வயதிலிருந்து அவள் தண்ணீர் குடித்த டம்ளர். விளிம்பில் பால்பல் கடித்த பள்ளம்.

"இதையும் எடுத்துக்கோ. எனக்கு இனிமே ஸ்பூன் போதும்."

அவன் பையோடு வாசல் வரை போனதும் திரும்பக் கூப்பிட்டாள்.

"உன் கண்ணு முன்னாடி உருக்கச் சொல்லு. உருக்கி முடிக்கற வரைக்கும் கண்ணை எடுக்காத. தக்காளி வாங்கினாலே அழுகினதெல்லாம் உன் பையிலதான் வரும்."

மூன்று நாளில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

கடைக்காரர் ஜக்கின் கைப்பிடியை நகத்தால் தட்டிச் சத்தத்தைக் கவனித்தார். "உள்ள அரக்கு அடைச்சிருக்கான். பத்து கிராம் கழிச்சுக்கறேன். உருக்காம அப்படியே குடுத்தீங்கன்னா விலையில கொஞ்சம் சேர்த்தே தரேன்."

"எதுக்குச் சேர்த்து?"

"நல்ல வேலைப்பாடு. மெருகு போட்டா புதுசு. ஷோகேஸ்ல வெச்சு செய்கூலியும் சேர்த்து வித்துடுவேன். உருக்கினா அந்தக் கூலி நெருப்போட போச்சு. பழசுன்னு வாங்கறோம், புதுசுன்னு விக்கறோம். எங்க பொழப்பே அதுலதான் ஓடுது. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இருந்தது அவனுக்கு. லாபத்தைத் தன் வாயாலேயே சொல்கிற வியாபாரி அதைவிடப் பெரிதாக எதையோ மறைக்கிறான். 'சேர்த்து' என்றால், உருக்கினால் இன்னும் அதிகம் வரும் என்றுதானே அர்த்தம்?

"உருக்குங்க. என் கண்ணு முன்னாடி."

"டம்ளரையுமா?" அதில் புள்ளிபுள்ளியாக வெட்டியிருந்த பெயரைக் கட்டைவிரலால் தடவினார். "அழகா பேர் வெட்டியிருக்கு. உருக்கினா திரும்பாது தம்பி."

"ரெண்டையும்."

அவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். பின்கட்டில் ஜக்கைக் கத்தரியால் துண்டுபோட்டார். டம்ளருக்குச் சுத்தியலால் மூன்று தட்டு, தகடாகிவிட்டது. எல்லாவற்றையும் மண்கிண்ணத்தில் போட்டு வெங்காரப் பொடி தூவி, கேஸ் தீயை நீட்டினார். அரக்கு கருகி நாற்றம் மூக்கில் ஏறியது. அவன் சுவரில் சாய்ந்து கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

அவன் எடுக்கவில்லை. ஒரு துண்டை மாற்றிப் போட ஒரு இமைப்பு போதும். கடைக்காரரின் இடது கை மேசைக்கு அடியில் போய்வந்ததை அவன் பார்க்காமல் இல்லை. இடுக்கியைத்தான் எடுத்தார். இருந்தாலும்.

போன் மறுபடி அதிர்ந்தது. உள்ளங்கையால் அதை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். தானாக அடங்கியது.

வெள்ளி பளபளவென்று உருண்டு திரண்டு அச்சில் இறங்கியது. தண்ணீரில் முக்கி எடுத்துத் தராசில் வைத்தார். முந்நூற்று எண்பத்தொன்பது.

"பாத்தீங்களா? நான் பத்துதான் கழிச்சிருப்பேன். இருபத்து மூணு போயிடுச்சு. கைப்பிடி முழுக்க அரக்கு. உங்களுக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம்."

மனசுக்குள் கழித்துப் பார்த்தான். சரியாக இருந்தது. எங்கேயும் ஏமாற்று இல்லை.

போனை எடுத்தான். வீட்டில் துணைக்கு இருந்த மனைவியின் அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். இவன் கூப்பிட்டதும் மணி ஒலிக்கும் முன்னே எடுத்துவிட்டார்.

"மாப்ளே… எங்க இருந்தீங்க? உங்க குரலையாவது கேக்கணும்னு சொன்னா அவ. ரெண்டு தடவை போட்டேன்."

"மருந்துக்குத்தான்… இதோ முடிஞ்சுது, வாங்கிட்டு—"

"வேணாம் மாப்ளே. நீங்க வாங்க."

கடைக்காரர் கல்லாவைத் திறந்தபடி, "பணமா எடுத்துடட்டுமா தம்பி?" என்று கேட்டார். அவன் தராசிலிருந்த கட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். பின்னால் மின்விசிறி மறுபடி சுழல ஆரம்பித்த சத்தம் கேட்டது.

வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்திருந்தன. கட்டிலில் அவளைக் கழுத்துவரை போர்த்தி, தலைவாரி விட்டிருந்தார்கள். அறைக்குள் அவள் அண்ணனும் அண்ணியும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டம்ளர் ராத்திரி கூட இந்த ஸ்டூல் மேலதான் இருந்துது. நான்தானே தண்ணி குடுத்தேன்" என்றாள் அண்ணி.

"வெள்ளியாச்சே. வேலைக்கு வர்ற அந்தம்மா வந்தாளா?"

"வந்தா. போகும்போது கையில பை இருந்துது. இந்த நேரத்துல போய்… மனசு எப்படித்தான் வருதோ."

"சும்மா விடக் கூடாது. ஆளை விட்டுக் கூப்பிடு."

"நான்தான் எடுத்தேன்" என்றான் அவன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அவர்களுக்கு நடுவே போனான். ஸ்டூலின் மரத்தில் டம்ளரின் ஈரம் காய்ந்து வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. கைக்குள்ளிருந்த வெள்ளிக்கட்டியை அதன் மேல் வைத்தான். வழியெல்லாம் இறுக்கிப் பிடித்து வந்ததில் அது வெதுவெதுப்பாக இருந்தது.

கட்டி நீளம். வட்டத்துக்குள் அடங்காமல் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் பார்த்தான்.