வெண்கழுத்தியின் கடைசி வரி

1

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், கெல்டிய இனத்தின் ஆன்மா வருகிற சனிக்கிழமை மாலை ரோஸ்கீல் ஊர் மண்டபத்தில் அழும். இடைவேளையில் தேநீர் உண்டு. ஆன்மா அழும் வேளையில் மீன் கிடங்கு வாசலில் யாரும் வண்டியை நிறுத்தக் கூடாது.

எங்கள் ஐரிஷ் கடற்கரை ஊரின் விழாக்குழுத் தலைவர் ஃபியக்ரா எழுதித் தபால் நிலையக் கண்ணாடியில் ஒட்டிய அறிவிப்பு இது. இந்தக் கதையின் பூர்வீகமும் இதுதான். கனவில் வரவில்லை, கடல் வந்து காதில் ஓதவில்லை. தபால்தலை வாங்கப் போனேன், படித்தேன், சிரித்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஊனா சிரிக்கவில்லை. அழப்போகிற ஆன்மா அவளுடையது என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"மேற்குக் கடல்மீது மூடுபனி ஒரு பழந்துயரம்போல் கவிந்திருந்த அந்த மாலையில், யாழின் நரம்பொன்று தானாக அதிர்ந்து"

விட்டுவிட்டேன். அன்று பனியே இல்லை. விழாவைப் படம்பிடிக்க வந்து, பனி இல்லாததைக் கண்டு கலங்கிய தொலைக்காட்சிக்காரர்கள் டப்ளினிலிருந்து புகை இயந்திரம் ஒன்றை வரவழைத்தார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் தன் மூக்கு நுனி தனக்கே தெரியாத ஊருக்குப் பனியைக் கொண்டுவந்தவர்கள், கொல்லன் தெருவில் ஊசி விற்றவனுக்கு அண்ணன்மார்.

யாழும் தானாக அதிரவில்லை. யாழ்க்காரி சுருதி கூட்டினாள், கூட்டினாள், கூட்டிக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக முடித்துக் கையை எடுத்ததும் முன்வரிசை கைதட்டியது. பாட்டே அதுதான் என்று நினைத்துவிட்டார்கள்.*

* பிறகு அவள் வாசித்ததற்கு இவ்வளவு கைதட்டல் இல்லை.

3

கதாநாயகியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

ஊனா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். ஐம்பதைத் தாண்டியவள். பாடும்போது கண்ணை மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். எங்கள் பக்கத்துப் பாட்டுக்குத் துணைக்கருவி கிடையாது, முகபாவம் கிடையாது. பல் மருத்துவரிடம் முறைக்காகக் காத்திருக்கிற முகத்தோடு பாட வேண்டும். கேட்கிறவர்களில் யாராவது எழுந்துவந்து பாடுகிறவரின் கையைப் பிடித்து, திரிகை சுற்றுவதுபோல மெல்லச் சுற்றிக்கொடுப்பார்கள். பாட்டின் கடைசி வரியைப் பாடக் கூடாது, பேச வேண்டும். "கடைக்குப் போய்ட்டு வரேன்" என்பதுபோலச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும்.

ஊனாவின் பெயர்பெற்ற ஐரிஷ் பாட்டு 'என் வெண்கழுத்தி'. வெண்கழுத்தி ஒருநாள் சுவர் தாண்டிப் போனாள், திரும்பவில்லை. அவள் நடையழகு என்ன, இடது விலாவில் இருந்த கறுப்பு மறுதான் என்ன, வெறும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் யாரிடம் போய் அழுவேன் என்று எட்டுக்கண்ணி. ஃபியக்ரா ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். ஐரிஷ் மொழியை மாலை வகுப்பில் படித்தவர். விழா மலரில் இதைக் கடலில் மூழ்கிய காதலியின் ஒப்பாரி என்று விளக்கி, கறுப்பு மறு என்பது 'இனத்தின் மாறாத வடு' என்றும் எழுதியிருந்தார். கயிற்றைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

வெண்கழுத்தி ஓர் ஆடு.

ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெளியூராருக்குத் தெரியாததற்குக் காரணம், ஆடு என்ற சொல்லே பாட்டில் கிடையாது. பேசப்படும் கடைசி வரியில்தான் குட்டு உடையும்:

கறியைத் தின்றாய் கோல்மன், தோலை எங்கே வைத்தாய்?

கோல்மன் ஊனாவின் அப்பா. பாட்டைக் கட்டியவர் ஆட்டைப் பறிகொடுத்த பேர்ட்லா, டெலியாவின் அப்பா. இரண்டு அப்பாக்களும் இப்போது ஒரே கல்லறைத் தோட்டத்தில், நடுவில் ஒரு மரியாதையான இடைவெளி விட்டுப் படுத்திருக்கிறார்கள். ஊனாவும் டெலியாவும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். டெலியா பாஸ்டனுக்குப் போனாள். பாட்டு அநாதையாகக் கிடந்தது. ஊனா எடுத்து வளர்த்தாள். கடைசி வரியை மட்டும் வளர்க்கவில்லை. அந்த இடம் வந்ததும் லேசாக இருமுவாள். துருத்திக்குழல் வாசிக்கிற ஃபெஸ்டி அதற்குள் முழங்கையால் துருத்தியை அமுக்கி அடுத்த உருப்படிக்குப் போய்விடுவார். ஊரும் ஒன்றும் கேட்காது.

4

(இந்த இடத்தில் ஃபியக்ரா பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஐயம் வந்தது. இவ்வளவு பொருத்தமான முட்டாள் உலகத்தில் இருப்பானா? கொஞ்சம் நல்ல குணம் சேர்க்கலாம் என்று தேடினேன். அவர் பாட்டைக் கேட்டு அழுவது உண்மை. மூக்கு சிவக்கும், கைக்குட்டை நனையும். அழுவதற்கு மொழி தெரிய வேண்டியதில்லை. இதை ஏளனம் செய்ய ஒரு பக்கம் எழுதி, கிழித்துப்போட்டேன். ஏனென்றால் ஆடு என்று தெரிந்த நானும் பாட்டின் மூன்றாம் கண்ணியில் ஒவ்வொரு முறையும் கலங்குகிறேன். பாட்டு ஆட்டைப் பற்றியது. ராகத்துக்கு அது தெரியாது.)

5

டெலியா வந்துவிட்டாள். பாஸ்டனை மூட்டை கட்டிவிட்டு, நிரந்தரமாக. சனிக்கிழமை கடைசி வரிசையில், மேல்கோட்டுக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

பாட்டுக்கு உரியவர் அறையில் இருக்கும்போது அதை இன்னொருவர் பாடக் கூடாது. இதற்குச் சட்டம் இல்லை. ஆகவே யாரும் மீறியதில்லை. இடைவேளையில் ஊனா ஃபியக்ராவிடம் போய் வேறு பாட்டு பாடுகிறேன் என்றாள். அவர், அந்தப் பாட்டை நம்பித்தான் தொலைக்காட்சியே வந்திருக்கிறது, கெல்டிய ஆன்மாவுக்கு மாற்று ஏற்பாடு கிடையாது என்றார். ஊனா வீட்டுச் சுவரிலிருந்து முந்தின வாரம் இரவல் வாங்கிய ஆட்டுத்தோல் பறை அவர் கையில் இருந்தது. ஈராயிரம் வருஷத்து இதயத்துடிப்பு என்று அதை ஒரு தட்டு தட்டிக் காட்டினார்.

தேநீர்ப் பானை பக்கத்தில் நின்றிருந்த டெலியாவிடம் ஊனா போனாள். நான் ரொட்டி எடுக்கிற சாக்கில் பக்கத்தில் நின்றேன்.

"என்னடி, ரொம்ப உசரத்துக்குப் போயிட்ட போலருக்கு. கழுத்துப்பட்டியில ஒலிவாங்கியெல்லாம் மாட்டியிருக்காங்க."

"உன் பாட்டு டெலியா. நீ இருக்கறப்ப நான் பாட மாட்டேன்."

"பாடு. நானே தரேன். ஆனா முழுசாப் பாடு."

"எங்கப்பா பேரு வருதேடி."

"வரட்டும். எங்கப்பா அந்த ஒரு வரிக்காகத்தான் மீதியைக் கட்டினாரு. நீ என்னடான்னா கல்யாணத்தை நடத்திட்டு மாப்பிள்ளையைக் கொல்லைப்பக்கமா அனுப்பிட்டிருக்க."

ஊனா கோப்பையைக் கழுவினாள். கழுவிய கோப்பையை மறுபடி கழுவினாள். அப்பா பெயரை மறைத்தால் சிநேகிதி போவாள். சொன்னால் அப்பா போவார். பாட்டோ இரண்டு பேருக்கும் நடுவில், கட்டுத்தறி இல்லாமல் நிற்கிறது.

6

பாடினாள்.

புகை இயந்திரம் இரைந்தது. யாரோ அதன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். (ஃபெஸ்டி என்று சொல்கிறார்கள். அவர் மறுக்கவில்லை.) மூன்றாம் கண்ணியில் முன்வரிசை மொத்தமும் கைக்குட்டையைத் தேடியது. ஐந்தாம் கண்ணியில் டெலியா மேல்கோட்டோடு நடந்துவந்து ஊனாவின் கையைப் பிடித்தாள். சுற்றத் தொடங்கினாள். எட்டாம் கண்ணி முடிந்தது. இருமல் வர வேண்டிய இடம் வந்தது. ஃபெஸ்டியின் முழங்கை துருத்திமேல் தயாராக இருந்தது.

ஊனா கண்ணைத் திறந்தாள். "கறியைத் தின்றாய் கோல்மன், தோலை எங்கே வைத்தாய்?" என்றாள், கடைக்குப் போகிறவள்போல.

ஃபெஸ்டியின் முழங்கை அமுங்கவில்லை. உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். அந்த மகா மௌனத்தில், அந்த வரியில் ஒரு சொல்லும் புரியாமல், கண்ணீர் வழிய, ஃபியக்ரா பறையை ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

விழுந்த இடம், தோலின் இடப்பக்கம், கறுப்பு மறு.

டெலியா பறையைப் பார்த்தாள். பிறகு ஊனாவைப் பார்த்தாள். ஊனா அவள் காதோரம் குனிந்து, ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஒலிவாங்கி வழியாக மண்டபம் முழுவதற்கும் சொன்னாள்:

"ஒரு தொடை உங்க வீட்டுக்கும் வந்துச்சுடி. நான்தான் கொண்டாந்து குடுத்தேன். உங்கப்பா ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாரு."

7

முடிவுகள்:

(அ) டெலியா சிரிக்கிறாள், ஊனா சிரிக்கிறாள், இருவரும் அழுகிறார்கள், கடல். (தொலைக்காட்சிக்காரர்கள் விரும்பியது.)

(ஆ) டெலியா கையை உதறிவிட்டு, பறையை ஃபியக்ராவிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியேறுகிறாள். அதைக் கல்லறைத் தோட்டத்தில், அந்த மரியாதையான இடைவெளியில்

இதுவும் வேண்டாம்.

(இ) டெலியா ஏதோ பதில் சொன்னாள். அவள் கழுத்தில் ஒலிவாங்கி இல்லை, பக்கத்தில் இருந்த ஃபெஸ்டிக்கு மட்டும் கேட்டது. கை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததா, நின்றுவிட்டதா என்று நான் பார்ப்பதற்குள் முன்வரிசை எழுந்து நின்று கைதட்டி மறைத்துவிட்டது. அவள் சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவர்கள் இருவரோடும் இதே ஊரில் பிழைக்க வேண்டியிருக்கிறது. வழக்கப்படி கடைசி வரியை மட்டும் பாடாமல் சொல்லிவிடுகிறேன்.

கறியில் உப்பு குறைவாம்.