பாலுக்கு முன் வந்த சேதி

மழையில் நனைந்த ஸ்கூட்டர் சீட்டைத் துடைக்க என் கணவர் குமாரவேல் ஒரு துணி கேட்டார். அவருடைய பழைய பனியனை எடுத்து நீட்டினேன்.

"நல்லா இருக்கறதையா குடுக்கற?"

"முதுகுல ஓட்டை தெரியல?"

"காத்து வரட்டுமேடி."

சிரித்துக்கொண்டே கிளம்பினார். பாண்டிச்சேரி அஜந்தா சிக்னலுக்கு அருகில் வண்டி சறுக்கி, தலை தரையில் மோதியது. சென்னைக்குக் கொண்டுபோனோம். மூளை செத்துவிட்டது, இனித் திரும்பாது என்றார்கள். ஈரலை வேறொருவருக்கு வைக்கலாமா என்று கேட்டபோது, நானும் என் மாமியார் செல்வாம்பாளும் சரி என்றோம்.

முத்தியால்பேட்டையில் தகனம் முடிந்த அன்று சாயங்காலம், சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து சரிதா போன் செய்தாள். உறுப்பு தானத்தைக் கவனித்துக்கொள்ளும் பெண் அவள். நான் பாண்டிச்சேரி சாரம் பகுதியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்பவள் என்பதால் என்னிடம் மறைக்கவில்லை. அவர் ஈரலை வைத்த நோயாளியின் ரத்தத்தில் ஈரல் என்ஸைம் ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. ரத்தம் சரியாக உறையவில்லை. ஈரல் கழிக்க வேண்டிய லாக்டேட் அமிலம் இறங்கவே இல்லை. புது ஈரல் வேலை செய்யாமல் போகப்போவதை ரத்தம் இப்படித்தான் முன்கூட்டியே சொல்லும்.

"காலையில எடுக்கற ரத்தத்தப் பாத்துதான் முடிவு பண்ணுவாங்கக்கா. இறங்கலன்னா வேற ஈரல் தேடணும்."

அத்தையிடம் சொன்னேன்.

"பாண்டிச்சேரியில பொறந்து சாராயக்கடை பக்கம் தலைவச்சிப் படுக்காத ஈரல்டி அது. அதுவா கெட்டுப்போவும்?" என்றார்.

மறுநாள் காலையில் சுடுகாட்டில் பால் தெளிக்க ஆண்கள் கிளம்பி நின்றார்கள். அத்தை பால் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு கொடுக்க மறுத்துவிட்டார்.

"வெயில் ஏறுது அண்ணி," என்றார் மாமனாரின் தம்பி நாராயணசாமி.

"ஏறட்டும். சூடு ஆறத்தான பால் தெளிக்கறீங்க? எம்புள்ளையோட ஒரு பாகம் இன்னும் சூடாத்தான் கெடக்குது. சேதி வரட்டும்."

"ஊர்ல யாரும் இப்படிச் செஞ்சதில்லையே."

"ஊர்ல யாரு ஈரலக் குடுத்தாங்க?"

அவர் துண்டை உதறிவிட்டு உட்கார்ந்துவிட்டார். என் கையிலிருந்த செல்போனையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன் அடித்தது.

"அக்கா, லாக்டேட் பாதிக்கும் கீழ வந்துடுச்சி. ரத்தம் உறையுது. என்ஸைமும் இறங்க ஆரம்பிச்சிடுச்சி."

"புடிச்சிக்கிச்சி அத்தை," என்றேன்.

அத்தை சொம்பைத் தூக்கி நாராயணசாமியிடம் கொடுத்தார். "இப்ப போ. போய் ஆறவை."

ஆண்கள் போனபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஆம்பளையா பொம்பளையா?"

"சொல்ல மாட்டாங்க அத்தை."

"யாரா இருந்தா என்ன. குடிக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லச் சொல்லு."

மூன்று நாட்களுக்குப் பிறகு அப்போதுதான் எனக்குப் பசித்தது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த இட்லியை இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

வருடத்துக்கு ஒருமுறை சரிதா போன் செய்து, ஈரல் வாங்கியவர் நன்றாக இருப்பதாகச் சொல்வாள். அது ஆணா பெண்ணா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.