நெயில் பாலிஷ் மோசடி

என் வீட்டுக்காரர் லோவெல் மோசடிக்காரர் ஆன அந்த நிமிஷத்தில், நான் பெண்கள் கழிப்பறை வரிசையில் பதினேழாவது ஆளாக நின்றுகொண்டிருந்தேன். முழங்கால் மாற்றி எட்டு வாரம்தான் ஆகியிருந்தது. எனக்கு முன்னால் நின்றவள் வரிசையில் சேரும்போது கர்ப்பமாக இருந்தாள், உள்ளே போகும்போது பிள்ளை கூடவே நடந்து போயிற்று என்றால் யாரும் நம்பப்போவதில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

திரும்பி வந்தபோது எங்கள் வண்டியைச் சுற்றி ஈ காக்கை இல்லை. பழைய கார்களைத் தொழிற்சாலையில் பிறந்தபடியே சீராக்கிக் கொண்டுவரும் போட்டி என்றால் மிச்சிகனில் பாதி ஜனம் அந்த மைதானத்தில்தான் இருக்கும். எங்கள் வண்டிக்கு மட்டும் தொற்றுநோய் வந்ததுபோல் எல்லோரும் விலகிப் போயிருந்தார்கள். லோவெல் பானட்டை மூடி அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஒரு மஞ்சள் அட்டை செருகியிருந்தது. ‘எஞ்சின் சுவரில் போலிக் குறி. வேண்டுமென்றே செய்த மோசடி. போட்டியிலிருந்து நீக்கம்.’ கீழே நடுவர் கார்ல்டன் பிரிமின் கையெழுத்து, வாலும் சுழியுமாக.

"என்னய்யா ஆச்சு?"

"இந்தச் சிவப்புப் பொட்டு யார் வச்சதுன்னு கேட்டான். உள்ளதைச் சொன்னேன்."

"உள்ளதைன்னா?"

"என் பெண்டாட்டி வச்சது, அவளோட நெயில் பாலிஷ்னு சொன்னேன். 'ஒப்புக்கிட்டதுக்கு நன்றி'ன்னு எழுதிக்கிட்டான். சுத்தி நின்ன நாப்பது பேரும் சிரிச்சாங்க."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பொய் சொல்ல அந்த மனுஷனுக்கு வராது. எங்கள் வீட்டில் அந்த வேலை முழுவதும் என்னுடையது.

எழுபதாம் வருஷம் ஜனவரியில் எங்கள் ஊர்த் தொழிற்சாலையில், இரண்டாம் ஷிஃப்டில் வேலை பார்த்தேன். வயது இருபது. வண்டி என் முன்னால் வந்து நிற்காது, நகர்ந்துகொண்டே போகும். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகரச் சுவரில் பிரேக் குழாய் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்து, பக்கத்தில் ஒரு மஞ்சள் பொட்டு வைக்கவேண்டும். நிமிஷத்துக்கு ஒரு வண்டி. ஒரு நாள் குளிரில் மஞ்சள் சாயம் டப்பாவோடு கல்லாக உறைந்துவிட்டது. மேஸ்திரி ஹிக்ஸிடம் கத்தினேன். "எதையாவது வச்சுத் தொலை!" என்று அவரும் கத்தினார். கைப்பையில் நெயில் பாலிஷ் இருந்தது. அதன் குட்டித் தூரிகையை வைத்துக்கொண்டு நிமிஷத்துக்கு ஒரு வண்டி ஆகிற காரியமா? இடது பெருவிரலில் நனைத்து அப்பிக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டு மணி அடிக்கவும் புட்டி காலியாகவும் சரியாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தகரம் கிழித்த தழும்பு அந்த விரலில் குறுக்கே ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் சாயம் படாமல் ஒரு வெற்றுக் கோடு விழுந்தது.

அந்த வண்டிகளில் ஒன்றைத்தான் நாற்பத்தைந்து வருஷம் கழித்து லோவெல் ஒரு வயலோரத்திலிருந்து இழுத்துவந்தார். அதை வண்டி என்று சொன்னதே பெரிய தாராளம். துரு ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு நின்றதால் வடிவம் தெரிந்தது, அவ்வளவுதான். தரை என்று ஒன்று கிடையாது. எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மேப்பிள் கன்று வளர்ந்திருந்தது. ஏழு குளிர்காலம் லோவெல் வண்டியின் அடியிலேயே குடியிருந்தார். ஒரு போல்ட்டைக் கழற்ற ஒரு வாரம் எண்ணெயில் ஊறவைப்பார். அது பாதியில் முறியும். செத்த வீடுபோல அன்று ராத்திரி சாப்பாடு இறங்காது. தகடு வெட்டி வெல்டிங் வைத்துத் தரையை அங்குலம் அங்குலமாகத் திரும்பக் கட்டினார். சீட்டுகளை நான் தைத்தேன். அப்படி ஒரு நாள் எஞ்சின் சுவரில் படிந்திருந்த கிரீஸைச் சுரண்டும்போதுதான், "டார்லீன், இங்க வா. ரத்தமா இது?" என்று கூப்பிட்டார். நான் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கொட்டகைக் கூரையிலிருந்த பனி சரிந்து விழுந்தது. சுவர் முழுக்கப் புதுப் பெயிண்ட் அடித்தவர், அந்தப் பொட்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தொடாமல் விட்டுவைத்தார்.

போட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் வண்டிமேல் தார்ப்பாய் விழுந்தது. லோவெல் வீட்டின் கீழ்த்தளத்துக்கு இறங்கி, தொலைக்காட்சியில் மீன்பிடிக்கும் நிகழ்ச்சி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத அறையில் அந்த மனுஷன் எட்டு மாதம் மீன் பிடித்தார். போட்டி நடத்தும் கிளப்பின் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். காலைச் சாப்பாட்டுக்குக் கடைக்குப் போனால் டகர்ட் என்ற தடியன் பத்து விரலையும் விரித்துக் காட்டி, "லோவெல் கண்ணு, எனக்கும் ஒரு கோட் அடிச்சுவிடேன்" என்றான். அதன்பிறகு கடைக்குப் போவதும் நின்றது. கொட்டகைச் சாவியை என்னிடம் கொடுத்து, "எங்கயாவது வை, என் கண்ணுல படவேணாம்" என்றார்.

நான் மன்னிக்கிற ஜாதி இல்லை. முப்பது வருஷமாக என் கேக் தட்டைத் திருப்பித் தராத ஒருத்தியின் சாவுக்குப் போய், பிரார்த்தனை நடக்கும்போது அவள் சமையலறையைக் குடைந்தவள். பிரிம் எழுதிய புத்தகத்தை வாங்கினேன். கன்றுக்குட்டி கனம். எந்த வண்டியில் எந்தக் குறி இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று அறுநூறு பக்கம். கிளப்பில் அதுதான் வேதம். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவருடைய சொந்த நீலவண்டியின் எஞ்சின் சுவர், பக்கம் நிறைய. அதில் சிவப்பாக என் பெருவிரல்!

அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தார். பந்தயத்துக்கென்று ரகசியமாக ஒதுக்கிய வண்டிகளுக்கு மட்டும் வைத்த முத்திரையாம். உலகத்தில் பதினொன்றுதான் மிச்சமாம். நடுவில் ஓடும் கோடு வேகத்தின் சின்னமாம். எங்கள் வண்டிபோல் சாதாரண எஞ்சினோடு பிறந்தவற்றில் அந்த முத்திரை இருக்க வழியே இல்லையாம். படித்துவிட்டு நான் சிரித்ததில் பல்செட் சூப்பில் விழுந்தது.

கடிதம் எழுதித் தெரிவித்திருக்கலாம். கடிதத்தில் அவர் முகம் தெரியாதே. அது தெரியாவிட்டால் எனக்கு என்ன லாபம்?

ஏப்ரலில் மாடிப்படியிலிருந்து கீழே குரல் கொடுத்தேன். "லோவெல், வண்டியை டகர்ட்டுக்குக் கொடுக்கறதா சொல்லிட்டேன். திருவிழாவுல காரோட கார் மோதி நொறுக்கற போட்டி வருதாம்."

எட்டு மாதத்தில் முதல்முறையாக மீன் சத்தம் நின்றது. ஒரு செருப்போடு மேலே வந்தார். "சாவி எங்கடி?"

தார்ப்பாய்க்கு அடியில் பிரேக் இறுகிப்போயிருந்தது, சீட்டில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஆகஸ்டு வரை இருவருக்கும் பெண்டு கழன்றது. போட்டிக்கு வண்டியை என் பெயரில் பதிந்தேன்.

போட்டியன்று பிரிம் வந்தார். வெள்ளைக் கையுறை, கழுத்தில் பூதக்கண்ணாடி, பின்னால் அதே நாற்பது பேர். குனிந்து பார்த்தவர் பெருமூச்சு விட்டார்.

"போன வருஷமே சொன்னேனேம்மா. மறுபடியும் அதே பொட்டா?"

"அதேதான் தம்பி. அது கிடக்கட்டும், உங்க புஸ்தகம் கொண்டுவந்திருக்கேன். ஒரு கையெழுத்து..."

முகம் மலர்ந்துவிட்டது. பேனாவைத் திறந்தார்.

"நீங்க இல்ல தம்பி. நான் போடறேன்."

இருநூற்றுப் பன்னிரண்டைப் பிரித்தேன். நெயில் பாலிஷ் புட்டியைத் திறந்து பெருவிரலை முக்கி, அவர் படத்துக்குப் பக்கத்திலேயே அழுத்தி எடுத்தேன். சிவப்புப் பொட்டு, நடுவில் வெள்ளைக் கோடு. பூதக்கண்ணாடி பக்கத்தைப் பார்த்தது, என் விரலைப் பார்த்தது, எங்கள் சுவரைப் பார்த்தது, திரும்பவும் விரலுக்கு வந்தது.

"பந்தயப் பிரிவு...?" என்றார்.

"அவங்க இருந்த கட்டடத்துக்கு எனக்கு வழிகூடத் தெரியாது தம்பி. டப்பா உறைஞ்சுபோச்சு, அவ்வளவுதான். சாப்பாட்டு மணி அடிக்கற வரைக்கும் வந்த அத்தனை வண்டிக்கும் வச்சேன். அதுல ஒண்ணை, சாணி அள்ளற ஆள் வாங்கினான்."

அந்தக் கடைசி வரி இட்டுக்கட்டியது. டகர்ட்தான் முதலில் சிரித்தான். அப்புறம் நாற்பது பேரும். பிரிமின் முகம் வெந்த பீட்ரூட்டாகி, வேகாத முட்டைக்கோஸாகி, கடைசியில் எந்தக் காய்கறியாகவும் இல்லாமல் போயிற்று. நான் ஒரு வருஷப் பசியோடு அதைச் சாப்பிட்டேன். என்னைத் தடுக்க யாருமில்லை.

அவர் காட்சிக்கு நிறுத்தியிருந்த தன் நீலவண்டியிடம் நடந்துபோய், அதன் பானட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டார். வெளியே எடுக்கவில்லை. லோவெல் பின்னாலேயே போனார். வரும் வழியெல்லாம் அவருக்கு மூன்று வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தேன், மூன்றாவது ரத்தம் வரவழைக்கும். லோவெலோ நீலவண்டிக்கு அந்தப் பக்கமாக நின்று தாமும் தலையை உள்ளே விட்டார். காதைத் தீட்டிக்கொண்டேன். லோவெலின் குரல்தான் முதலில் வந்தது.

"இந்தக் கார்புரேட்டர் கூடவே வந்ததா?"

"நாலு வருஷம் தேடினேன்."

"இதுல பெட்ரோலை அடைக்கற ஊசி ஒட்டிக்குமே."

"ஒட்டிக்குது. தினம் ஒட்டிக்குது."

"எண்ணெயில ஊற வச்சுப் பார்த்தியா?"

"லோவெல்!" என்று கத்தினேன்.

"ஒரு நிமிஷம்டி" என்றது பானட்.

பத்து நிமிஷம் ஆயிற்று. இரண்டு பின்பக்கங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. டகர்ட்டும் மற்ற நடுவர்களும் நாற்பது பேரும் அங்கேயே போய்க் குனிந்து ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் பக்கம் திரும்பிப் பார்க்க ஒரு ஜீவன் இல்லை. புட்டியில் முக்கால்வாசி மிச்சமிருந்தது, பெருவிரல் இன்னும் காயவில்லை. மைதானத்தின் அந்தக் கோடி வரை, சொந்தக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல், நூறு வண்டிகள் பானட்டைத் தூக்கி வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக வெயிலில் நின்றன.