கப்பலைச் சாய்த்த சுவர்

"என் வீட்டு வரவேற்பறைச் சுவரப் பாக்க எண்ணூறு பேர் ஒரே பக்கமா ஓடினதுல, பதினோரு மணிக் கப்பல் சாஞ்சே போச்சு" என்றார் லெயோனார்தோஸ்.

கிரேக்க நாட்டுச் சீரோஸ் தீவின் துறைமுகத்துக் காப்பிக் கடையில் அப்போது ஏழு பேர் இருந்தார்கள். கப்பல் தன் வீட்டைப் பார்த்து மூன்று தடவை ஊதியதையும், அதன் கேண்டீனில் கோப்பைகள் உருண்டதையும், ஒரு பாதிரியாரின் தொப்பி காற்றில் ஏறிப் போனதையும், கப்பலில் ஏற்றியிருந்த லாரி ஒன்றிலிருந்து முட்டைக்கோஸ்கள் இறங்கி எஞ்சின் அறையை விசாரித்துக்கொண்டு போனதையும் அவர் அடுத்தடுத்துச் சொன்னார். கேட்டவர்கள் நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் காப்பி ஆறும்வரை நம்பிக்கொண்டிருக்க அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் ரூசோஸ், லெயோனார்தோஸின் மனைவிக்கு அண்ணன். சுங்கத்துறையில் முப்பத்து நாலு வருஷம் பெட்டிகளைத் திறந்து பார்த்தே ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும் நம்பாமல் இருப்பதற்குத்தான் அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. சம்பளம் நின்ற பிறகு அதையே இலவசமாகச் செய்துவந்தார். ஏதென்ஸில் கண்ணில் புரை எடுத்துக்கொண்டு முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்தார். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து நிதானமாகக் கேட்டார்.

"எத்தன டிகிரி?"

"என்னது?"

"சாஞ்சுதுன்னியே மாப்ளே. எத்தன டிகிரி?"

"கேப்டன் சுக்கானக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. அத்தன டிகிரி."

"போன வருஷம் ஒரு கணவா மீன் உன் தொப்பியப் போட்டுக்கிட்டுப் போச்சுன்ன."

"போச்சு. இன்னும் திருப்பிக் குடுக்கல மச்சான்."

கடை சிரித்தது. ரூசோஸ் சிரிக்கவில்லை. "கப்பல் எல்லாத் துறைமுகத்துலயும்தான் ஊதும். இந்தத் தடவ உன் சுவத்துக்கு ஊதிச்சாக்கும்? என் புதுக் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

"ஞாயித்துக்கிழம வா. வந்து உக்காந்து பாரு."

இதைச் சொல்லும்போது மட்டும் லெயோனார்தோஸின் குரலில் விளையாட்டு கொஞ்சம் குறைந்திருந்தது. காரணம் இருந்தது. அவர் வீட்டு வாசலில் இரண்டு டின் வெள்ளைப் பெயிண்ட் வந்து இறங்கியிருந்தது. அவருடைய மனைவி ஸம்பேத்தா கொடுத்திருந்த கெடு அடுத்த திங்கட்கிழமை.

சீரோஸில் வரவேற்பறை என்பது உட்காருவதற்கான இடம் அல்ல. உட்காரலாம் என்று தெரிந்து வைத்துக்கொள்வதற்கான இடம். சோபாக்களுக்கு வெள்ளைப் போர்வை, கதவுக்குச் சாவி, ஜன்னலுக்கு மரக்கதவு. வெயில் உள்ளே வந்தால் வெல்வெட்டைத் தின்றுவிடும், வால்நட் மரத்தை நக்கிவிடும் என்று ஊரிலுள்ள பெண்கள் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரர்கள் சமையலறையில் முழங்கை இடிக்கச் சாப்பிடுவார்கள். பக்கத்து அறையில் ஆறு பேர் படுத்து உருளக்கூடிய சோபா இருட்டில் தவம் கிடக்கும். குடும்பத் தலைவரின் பெயருக்குரிய புனிதரின் திருநாளன்று மட்டும் போர்வை விலகும். அன்று அழைப்பில்லாமலே ஊர் வரும்.

ஸம்பேத்தா வீட்டுக்கும் வரும். ஆனால் நிற்கும். லெயோனார்தோஸ் முப்பத்தெட்டு வருஷம் கப்பல் தளத்து ஆட்களுக்குத் தலைவராகக் கடலிலேயே இருந்தவர். வீட்டில் நாலு பிரம்பு நாற்காலிகளும் ஒரு தள்ளாடும் மேசையும்தான். வந்தவர்கள் ஒரு கரண்டி நாரத்தைப் பாகு, ஒரு தம்ளர் தண்ணீர், "நீண்ட ஆயுள்" என்று ஒரு வாழ்த்து, எல்லாவற்றையும் நின்றபடியே முடித்துக்கொண்டு அடுத்த வீட்டு மெத்தைக்குப் போய்விடுவார்கள். ஒரே ஒரு தடவை யாராவது என் வீட்டில் உட்கார்ந்து, எழுந்து போக மறந்துவிட வேண்டும் என்பதுதான் ஸம்பேத்தா இந்த உலகத்திடம் கேட்டது.

பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு படத்தைப் பதினொரு வருஷமாகப் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். ஆப்ரிகாட் பழத்தின் தோல் போன்ற மெல்லிய நிறத்தில் சுவர். முன்னால் மயில் கழுத்து நீலத்தில் வெல்வெட் சோபா. கடுகு மஞ்சளில் இரண்டு கைநாற்காலிகள், பித்தளை விளக்கு, வால்நட் அலமாரி. இந்த வருஷம் அந்தப் படம் துண்டு துண்டாக வீடு வந்து சேர்ந்தது. அலமாரி ஒரு பழைய வீட்டிலிருந்து எட்டு பேர் தோளில் நூற்று நாற்பது படி ஏறியது. சோபா வாசலில் நுழையாமல் பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏறியது. கயிறு கட்டியவர் லெயோனார்தோஸ். அது ஏறிய அழகைப் பார்த்து எதிர்வீட்டுக் கிழவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார் என்பது லெயோனார்தோஸின் கணக்கு. தலை அரித்தது என்பது கிழவரின் கணக்கு.

சுவர் மட்டும் பாக்கி.

"கடையில மெஷின் கலந்து குடுக்குதாம். அந்த நெறத்தக் காட்டி வாங்கிட்டு வாங்க" என்றாள் ஸம்பேத்தா.

"எனக்கு மெஷினா? இந்தக் கையால கலந்த பெயிண்ட்ட வரிசையா ஊத்தினா இத்தாலிக்கு நடந்து போலாம்."

ஓய்வு பெற்ற நாளில் நினைவாகக் கொண்டுவந்த மீட்புப் படகு ஆரஞ்சு ஒரு டின் அவரிடம் இருந்தது. அதில் வெள்ளையைக் கலந்தால் ஆப்ரிகாட் வந்து கையைக் கட்டி நிற்கும் என்றார். கலக்கும் முறையில் தப்பு இல்லை. கலந்த இடம்தான் தப்பு. சோபா வந்துவிட்டதால் ஸம்பேத்தா ஜன்னலைத் திறக்க விடவில்லை. தொங்கல் நூல் வைத்த மஞ்சள் குடை விளக்கின் கீழே, பூனைக்குக்கூட நிழல் விழாத வெளிச்சத்தில், லெயோனார்தோஸ் வாளியைக் கிளறினார். நிறம் வெளுத்துத் தெரிந்தது. கொஞ்சம் ஆரஞ்சு ஊற்றினார். இன்னும் வெளுப்பு. இன்னும் கொஞ்சம். கடைசியில் டின்னைக் கவிழ்த்து அடியைத் தட்டினார். அப்போதுதான் வாளிக்குள் பத்திரிகைப் படம் தெரிந்தது.

அடித்து முடித்த சுவரை ஸம்பேத்தா அதே விளக்கில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "கல்யாணமான நாள்லேருந்து இப்பத்தான் சொன்னதச் சொன்னபடி செஞ்சிருக்கீங்க" என்றாள். லெயோனார்தோஸ் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

புனித லெயோனார்தோஸின் திருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோவிலில் பூசை முடிந்து நாற்பது பேர் நேரே மேலே ஏறி வந்தார்கள். விளக்கொளியில் சோபாவைத் தடவினார்கள். இரண்டு பேர் உட்காரவே ஆரம்பித்தார்கள். ஸம்பேத்தா நாரத்தைப் பாகு எடுக்கச் சமையலறைக்கு ஓடினாள். நவம்பர் என்றாலும் வெயிலுக்கு அது தெரிந்திருக்கவில்லை. ரொட்டிக்கடை அன்னெத்தா, "புழுங்குதே ஆத்தா" என்று, யாரிடமும் கேட்காமல், கடல் பக்கத்து மரக்கதவுகளை அகலத் திறந்துவிட்டாள்.

கிழக்கே பார்த்த ஜன்னல். கடலில் பட்டுத் தெறித்த வெயில் முழுவதும் உள்ளே வந்து சுவரில் மோதியது. சுவர் பற்றிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். மருந்துக்கடைக்காரரின் வெள்ளைத் தாடி கேரட் ஆனது. அன்னெத்தாவின் முத்துமாலை தக்காளி விதை ஆனது. நீல சோபா அந்த நெருப்புக்கு நடுவே ஆழ்கடல் மாதிரி நின்றது. அந்த நேரத்தில்தான் முனையைச் சுற்றி வந்த பதினோரு மணிக் கப்பல் மூன்று தடவை ஊதியது. நாற்பது பேரும் பால்கனிக்கு ஓடினார்கள்.

ஸம்பேத்தா தட்டோடு வந்தபோது அறை காலி. ஒரு ஜீவன் கிடையாது. தீப்பிடித்த நிறத்தில் நாலு சுவரும், யாரும் உட்காராத சோபாவும், பால்கனியில் நாற்பது முதுகுகளும்தான். சுவரைத் தாங்க முடியாமல்தான் எல்லாரும் வெளியே ஓடிவிட்டார்கள் என்று அவள் முடிவு செய்தாள்.

"கப்பல் நமக்கு ஊதிச்சு ஸம்பேத்தா. சாஞ்சுது. சத்தியமா" என்று லெயோனார்தோஸ் மூன்று நாள் சொன்னார்.

அன்னெத்தா, தன் மருமகன் நிச்சயதார்த்தத்துக்குத்தான் ஊதினார்கள் என்றாள். மருந்துக்கடைக்காரர், குறுக்கே வந்த மீன்பிடிப் படகுக்கு என்றார். ஸம்பேத்தா அழவில்லை. மரக்கதவைச் சாத்தினாள், போர்வையைப் போர்த்தினாள், வெள்ளைப் பெயிண்ட் வாங்கிவந்தாள்.

"நீங்க சொன்னா நான் நம்பணுமா? கணவா மீன் தொப்பி போட்டுச்சுன்னு சொன்ன வாய்தானே அது. எங்க அண்ணன் வரட்டும். அவர் பாத்து, ஆமான்னு சொன்னா சுவர் இருக்கட்டும். இல்லேன்னா திங்கக்கிழம வெள்ள."

ரூசோஸிடமிருந்து 'ஆமாம்' வாங்குவதற்குப் பதில் எலும்பில்லாத மீன் பிடித்துவிடலாம். ஆனால் வேறு வழி இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு ரூசோஸ் வந்தார். வந்ததும் லெயோனார்தோஸைக் கையைத் தூக்கச் சொன்னார்.

"எதுக்கு மச்சான்?"

"அந்தக் கேப்டன் யாக்குமிஸ் உன்கிட்ட வேல கத்துக்கிட்ட பய. நீ போன் போட்டு, 'ஊதுடா'ன்னு சொல்லிடுவ." அவருடைய இரண்டு சட்டைப் பைகளையும் துழாவி, கைபேசியையும் ஒரு விசிலையும் எடுத்துத் தன் கோட்டுக்குள் போட்டுக்கொண்டார். "விசில் எதுக்கு?"

"பழக்கம்."

பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் சுவரோரம் ஒண்டிக்கொண்டார்கள். ஸம்பேத்தா போர்வையை மடக்கி அண்ணனுக்கு மட்டும் சோபாவில் ஒரு ஓரம் விட்டாள். விளக்கைப் போட்டாள். சுவர் ஆப்ரிகாட்டாகப் பணிவோடு நின்றது. பதினோரு மணி ஆனது. எஞ்சின் சத்தம் தூரத்தில் கேட்டது, வளர்ந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. லெயோனார்தோஸ் மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார். கப்பல் வீட்டுக்கு நேரே வந்துவிட்டது.

ஊதவில்லை.

"ம்" என்றார் ரூசோஸ். அந்த 'ம்'முக்குள் முப்பத்து நாலு வருஷத்துச் சுங்கத்துறை இருந்தது. "பெயிண்ட் பிரஷ் இருக்கா மாப்ளே, இல்ல நான் கொண்டாரவா?"

லெயோனார்தோஸுக்கு வாயில் ஒரு பொய்கூட வரவில்லை. அவர் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை. முதல் தடவை கல்யாணத்தன்று. மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஸம்பேத்தா சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாத்தியிருந்த மரக்கதவுகளைப் பார்த்தாள். அவற்றின் விளிம்பில் வெயில் ஊசியாக நின்றது.

"இதத் தெறக்காம அவன் எதப் பாத்து ஊதுவான்?" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"வெல்வெட் வெளுத்துடும் ஸம்பேத்தா" என்றார் லெயோனார்தோஸ். அவரே சொன்னார் அதை.

"வெளுக்கட்டும்."

அவள்தான் திறந்தாள். இரண்டு கைகளாலும் கொக்கியை இழுத்து, மரக்கதவுகள் வெளிச்சுவரில் அறையும்படி தள்ளினாள். வெயில் உள்ளே குதித்தது. சுவர் மறுபடி பற்றிக்கொண்டது. ரூசோஸின் கறுப்புக் கண்ணாடி இரண்டு ஆரஞ்சுப் பழங்களானது.

வெளியே, வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்விட்ட கப்பலில் எஞ்சின் சத்தம் இறங்கியது. பின்னால் நுரை அடங்கியது. கப்பல் நின்றது. தளத்து ஒலிபெருக்கியில் யாக்குமிஸின் குரல் தண்ணீர் மேல் நடந்து வந்தது: "பயணிகளே, வலது பக்கம் மேல பாருங்க. நம்ம பழைய தலைவர் தன் வீட்டுக்குள்ளயே மீட்புப் படகு கட்டியிருக்காரு. போன வாரமும் பாத்தோம், கனவுன்னு நெனச்சோம்."

பிறகு ஊதியது. ஒன்று. இரண்டு. மூன்று. அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் பதில் சொல்லின. கப்பலின் கதவுகளிலிருந்தும் ஏணிகளிலிருந்தும் ஆட்கள் கொட்டினார்கள். எண்ணூறோ எட்டாயிரமோ, எல்லாரும் வலது பக்கக் கம்பியில் வந்து அப்பிக்கொண்டு கையை ஆட்டினார்கள். வீட்டில் இருந்தவர்களும் பால்கனிக்கு வந்துவிட்டார்கள். ஸம்பேத்தாவின் கையும் தானாக மேலே போனது.

கப்பல் ஊதி முடித்துத் துறைமுகத்துக்குள் திரும்பியது. ஸம்பேத்தா உள்ளே வந்தாள். சோபாவிலிருந்து போர்வையை முழுவதுமாக உருவிச் சுருட்டினாள். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து செய்யாத ஒரு காரியம் செய்தாள்: தன் வரவேற்பறையில் தானே உட்கார்ந்தாள். நடுவில், நன்றாகச் சாய்ந்து. பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகக் கைநாற்காலிகளிலும் சோபா விளிம்பிலும் இறங்கினார்கள். யாரோ பாகு கேட்டார்கள். "நீங்களே எடுத்துக்குங்க, நான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள்.

ரூசோஸ் மட்டும் பால்கனியில் கம்பியைப் பிடித்தபடி இன்னும் நின்றிருந்தார். லெயோனார்தோஸ் பக்கத்தில் போய் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. பொய் சொல்லுவதைவிட அது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"அண்ணே, ஆமாவா இல்லையா?" என்று உள்ளிருந்து ஸம்பேத்தா கேட்டாள்.

ரூசோஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். புதுக் கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றினார். கைபேசியையும் விசிலையும் எடுத்து மைத்துனரின் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒண்ணர டிகிரி" என்றார். "அதுக்கு மேல ஒரு முடி கெடையாது. ஆனா சாஞ்சுது."