மாமரம் தாண்டிய மணப்பெண் வண்டி

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை விலை கடைக்குள்ளே முடிவாவதில்லை. வாசற்படியில் முடிவாகும். வாங்க வந்தவர் "கட்டுப்படியாகாதுங்க" என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்க வேண்டும். கடைக்காரர் கூப்பிட வேண்டும். சீக்கிரம் கூப்பிட்டால் அவருக்கு நஷ்டம், தாமதித்தால் எதிர்க்கடைக்கு லாபம். யாரும் கூப்பிடாமல் தானாகத் திரும்பி வருகிறவர் மட்டும், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். நான் கண்ணாயிரம், காந்தி ரோட்டில் புடவைத் தரகன். நடக்கப் பழகியபோதே எழுந்து போகவும் பழகியவன்.

இந்த ஒரு வித்தையை வைத்து ஒரு வேனையே தானமாக வாங்கினேன்.

எங்கள் தெரு ஜெபகுமார் வாடகை வண்டி ஓட்டுகிறவன். அவன் மகள் ஏஞ்சல், ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக் கிராமம் ஒன்றில், பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். அந்தப் பக்கத்தில் வலியெடுத்த பெண்களைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத்தான் கூட்டிவருகிறார்களாம். சிலருக்கு வழியிலேயே பிறந்துவிடும். சிலருக்கு வழியோடு முடிந்தும்விடும். ஒரு பழைய வண்டி கிடைத்தால் போதும் என்று மகள் போனில் கேட்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போது ஜெபகுமார் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

பட்டுக்கடை முதலாளி ராமலிங்கத்திடம் ஒரு வேன் சும்மா நின்றது. சென்னையிலிருந்து கல்யாண வீட்டாரை இலவசமாக ஏற்றிவந்த வண்டி. புதுசு வாங்கியதும் இதைக் கடைக்குப் பின்னால் ஒதுக்கியிருந்தார். இரண்டு பக்கமும் முகமே பாதி வண்டி உயரத்துக்கு, அரக்குப் பட்டு கட்டிய மணப்பெண், கடைப் பெயர், போன் நம்பர். விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு பீரோ தருகிறேன் என்றார். எழுந்தேன். எதிர்க்கடைக்காரரிடமும் ஒரு வண்டி இருக்கிறது, அவர் பெயரே கண்டம் தாண்டிப் போகட்டும் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினேன். இரண்டாம் படியில் குரல் வந்தது.

"யோவ் கண்ணாயிரம், இங்க வாய்யா. டேய், வேன் சாவி யாராண்ட இருக்குது?"

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மணப்பெண்ணை அழிக்கக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி எடுத்த படத்தைக் கடையில் மாட்டவேண்டும். இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போவானேன், விற்றுக் காசாக அனுப்பலாமே என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். காசாகக் கேட்டிருந்தால் ராமலிங்கம் எனக்கு மோர் கொடுத்து அனுப்பியிருப்பார்.

வாலாஜாபாத் பட்டறையில் சீட்டைக் கழற்றி ஸ்ட்ரெச்சர் வைத்தார்கள். ஏஞ்சல் மலாவி அரசாங்கத்திடம் வரிவிலக்கு வாங்கிவிட்டாள். ஆனால் அதற்கு ஒரு கெடு இருந்தது. அந்தத் தேதிக்குள் வண்டி எல்லையைத் தாண்ட வேண்டும். தவறினால் கட்ட வேண்டிய வரி வண்டியின் விலையைவிட அதிகம்.

சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கக் கிளம்பினோம். திருப்புட்குழி தாண்டும்போதே ஜெபகுமார் பாட ஆரம்பித்துவிட்டான். மும்பையில் வண்டி கப்பலேறியது, நாங்கள் விமானமேறினோம். மொம்பாசா துறைமுகத்தில் கன்டெய்னர் கதவைத் திறந்தால், இருட்டுக்குள்ளிருந்து எங்கள் மணப்பெண் சிரிக்கிறாள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டினேன். துறைமுகத் தொழிலாளர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் திருவிழாதான். கென்யாவில் ரோட்டை மறித்து நின்ற ஒட்டகச்சிவிங்கிக்கு ஜெபகுமார் ஹாரன் அடித்தான். அது குனிந்து மணப்பெண்ணைப் பார்த்தது, திருப்தியில்லாமல் போய்விட்டது. விலை கேட்காமல் போன முதல் ஆள் அதுதான். தான்சானியாவில் வண்டி நின்ற ஊரிலெல்லாம் பெண்கள் சூழ்ந்துகொண்டு படத்துப் புடவையின் ஜரிகையைத் தடவிப் பார்த்தார்கள். மாட்டு வண்டியையே முந்தத் தயங்குகிற ஜெபகுமார், தேயிலை மலை வளைவுகளில் லாரிகளை முந்தினான். ஆனால் ஒரு பாலம் உடைந்து சுற்றுவழி, இரண்டு பஞ்சர் என்று நாள் கரைந்து, மலாவி எல்லைக்கு நாங்கள் வந்து நின்றது கெடுவின் கடைசி நாள், சாயங்காலம்.

ஆற்றுப்பாலம் தாண்டியதும் ஒரு முற்றம், நடுவில் ஒரு மாமரம், அதற்கப்புறம் சுங்க அறை. அதை ஒட்டிக் குறுக்குக் கட்டை. கட்டைக்கு அந்தப் பக்கம் ஏஞ்சல் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். கூட நாலைந்து கர்ப்பிணிப் பெண்களும் வந்திருந்தார்கள்.

"வந்துட்டோம்ணா," என்றான் ஜெபகுமார். அவன் கண் கலங்கியிருந்தது.

சுங்க அதிகாரி சிகோண்டி அம்மாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். பிறகு அறைக்குள் என்னை உட்காரவைத்து, நிதானமான ஆங்கிலத்தில், விலக்கு கொடுத்திருப்பது ஆம்புலன்சுக்கு, இதுவோ விளம்பர வண்டி என்றாள். மணப்பெண்ணை அழித்தால் முத்திரை, இல்லையென்றால் வரி. பொழுது சாய்ந்தால் கவுண்டர் மூடிவிடும்.

எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இதுதான் நம்ம ஊர் ஆட்டம். போன் நம்பரை மட்டும் அழிக்கிறேன் என்றேன். மணப்பெண் என்றாள். ஒரு பக்கத்தை அழிக்கிறேன் என்றேன். இரண்டு பக்கமும் என்றாள். சரிதான் என்று எழுந்தேன். வணக்கம் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"வண்டிய ரிவர்ஸ் எடு, ஜெபா," என்றேன் வெளியே வந்து.

"இன்னாணா சொல்ற?"

"கூப்பிடுவாங்க. எடு."

ஜெபகுமார் எடுத்தான். வண்டி பின்னால் நகர்ந்தது. யாரும் கூப்பிடவில்லை. மாமரம் வந்தது. அப்போதும் கூப்பிடவில்லை. மரத்தைத் தாண்டினோம். முற்றத்தில் நிழல் நீண்டுவிட்டது. ஜெபகுமாரின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஏஞ்சல் குரல்.

"ப்பா, ஏன்ப்பா பின்னாடி போய்க்கினு இருக்கீங்க?"

ஜெபகுமார் இன்ஜினை அணைத்தான். என்னிடம் குரலை உயர்த்திப் பேசியே அறியாதவன், இப்போதும் உயர்த்தவில்லை.

"உன் யாவாரம் உன் ஊர்ல வச்சுக்கோணா. இது என் பொண்ணு கேட்ட வண்டி. போய் அந்தம்மா சொன்ன விலைக்கு முடிச்சிட்டு வா."

கூப்பிடாத கடைக்கு நான் திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை. முற்றம் காந்தி ரோட்டைவிட நீளமாக இருந்தது. ராமலிங்கத்திடம் என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு பக்கமும் அழித்துவிடுகிறோம், முத்திரை போடுங்கள் என்றேன்.

சிகோண்டி அம்மாள் நாற்காலியில் இல்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு கதவோரமாகவே நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"எங்கம்மா இதேபோல் ஒரு மாமரம் நின்ற சந்தையில் துணி விற்றவள். மாமரம் வரைக்கும் போகிறவன் தானே திரும்புவான், விடு என்பாள். மாமரத்தைத் தாண்டியவனை ஓடிப்போய்க் கூப்பிடு என்பாள். உன்னைக் கூப்பிடத்தான் எழுந்தேன்."

நெஞ்சில் யாரோ மிளகாய் அரைத்ததுபோல் இருந்தது. இன்னும் நாலு மூச்சு பொறுத்திருக்கலாம். அவள் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நான் தோற்றுவிட்டதால் விலை இனி அவளுடையது என்றாள். போன் நம்பரும் கடைப் பெயரும் போக வேண்டும், இரண்டு பக்கமும் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி சிவப்புச் சிலுவைக் குறி இருக்க வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவுதான்.

"அப்போ மணப்பெண்?" என்றேன்.

"அது என் முதல் விலை. முதல் விலையை ஒத்துக்கொள்கிறவனை என் வாழ்க்கையில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

ஓடிப்போய்ச் சொன்னேன். ஜெபகுமார் வண்டியைத் திரும்பக் குறுக்குக் கட்டைக்கு ஓட்டிவந்து, டூல்ஸ் பெட்டியிலிருந்து சிவப்பு டேப்பை எடுத்துவிட்டான். ஆனால் குறியை எங்கே ஒட்டுவது? வண்டிப் பக்கம் முழுக்க மணப்பெண்தான் நிறைந்திருந்தாள். அவன் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தான். பிறகு ஸ்டெப்னி டயரை உருட்டிவந்து அதன்மேல் ஏறி, அந்த அகலமான நெற்றியில், பொட்டு இருந்த இடத்தில், ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஒரு சிவப்புச் சிலுவை ஒட்டினான்.

"மொதலாளி கோச்சுக்குவாராணா?"

"பொட்டில்லாமத்தான் இருக்கக் கூடாது. ஒட்டு, ஒட்டு, அந்தப் பக்கமும் ஒட்டு."

கடைப் பெயரையும் போன் நம்பரையும் நான் பிளாஸ்திரியால் மறைத்துக்கொண்டிருந்தபோதே சூரியன் மாமரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. சிகோண்டி அம்மாள் முத்திரைக் கட்டையையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வண்டியின் பானெட்டிலேயே தாளை வைத்துக் குத்தினாள். குறுக்குக் கட்டை மேலே எழுந்தது. அந்தப் பக்கத்துப் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பிய குலவை காதைப் பிளந்தது.

நான் ஏறி உட்கார்ந்ததும் சிகோண்டி அம்மாள் என் ஜன்னலுக்கு வந்தாள். மணப்பெண் கட்டியிருக்கும் புடவை, உங்கள் ஊரில், தன்னைப்போன்ற ஒருத்திக்கு, என்ன விலை என்று கேட்டாள். எனக்குக் கை பரபரத்தது. சொன்னேன். அவள் அதில் பாதியைச் சொன்னாள். கட்டாது என்றேன். அவள் சரிதான் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி மாமரத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

ஜெபகுமார் எனக்காகக் காத்திருக்கவில்லை. கிளட்சை விட்டான். ஏஞ்சல் கையை நீட்டிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடிவந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, மாமரத்தை நெருங்கிக்கொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்து, விலையைக் குறைத்துக்கொண்டே கத்தினேன்.